இரண்டாவது பக்கம்

பேனா நின்றுவிட்டது. நோட்டில் அந்தப் பக்கம் பாதிதான் நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் தள்ளுபடி. பதினேழாம் நம்பர் வழக்குக்காரர், நீலக் கட்டம் போட்ட சட்டை, முன்வரிசையில் நிற்கிறார், அவருக்கு இன்னும் தெரியாது, தன் வக்கீலின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வக்கீல் மேடையைப் பார்த்துக் குனிகிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் இவர்கள் ஒரே அளவுதான் குனிகிறார்கள், அதனால் முதுகைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பத்தரை மணியிலிருந்து இந்த ராணுவத் தீர்ப்பாய ஹாலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது வேறு. மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை, அதில் சுருக்கெழுத்து எடுக்கிற அம்மா, கையில் ஒற்றை வளையல், நீதிபதி வாய் அசைய அசைய அவர் பேனா ஓடுகிறது. தள்ளுபடி என்றால் ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இல்லை என்று சொல்ல அதிகம் வார்த்தை தேவைப்படாது போலிருக்கிறது. கொடுப்பதென்றால்தான் வேலை: எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதத்துக்குள், தவறினால் என்ன வட்டி. அப்போது அந்த அம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார். காலையிலிருந்து தீர்ப்பு சொன்ன ஐந்து வழக்கு பார்த்துவிட்டேன், மற்றதெல்லாம் வாய்தா, ஐந்தில் நாலு சரியாக வந்தது. பன்னிரண்டாம் நம்பரில் மட்டும் பொய்த்தது. பக்கம் திரும்பியது, நான் மனசுக்குள் அந்த ஆளுக்குக் கைகொடுத்தேன், கடைசியில் பார்த்தால் மறுபடியும் மெடிக்கல் போர்டுக்குப் போ, முதலிலிருந்து பரிசோதனை செய்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். ஆக இரண்டாவது பக்கம் மட்டும் போதாது. இன்னொரு அடையாளம் வேண்டும், அது என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறேன். என் நம்பர் இருபத்திமூன்று. நேரம் இருக்கிறது.

மற்றவர்கள் ஏன் இப்படிப் பேனாவைப் பார்க்கவில்லை என்றால் அவர்களுக்குக் காது கேட்கிறது. எனக்கு இடது காது செத்துப் பதினெட்டு வருஷம். வலது காதில் ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு வரும், முகம் திரும்பியதும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிடும். பேச்சு நின்ற இடத்தில் கீ என்று ஒன்று, சாயங்காலத்து வண்டுச் சத்தம் மாதிரி, அது தூங்கும்போதும் போவதில்லை. குணசுந்தரி, என் வீட்டுக்காரி, இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறாள். என்னைத் திட்டணும் என்றால் அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு திட்டுவாள். தோள் அசைவதை வைத்து இன்றைக்கு எத்தனை நிமிஷம் என்று எண்ணிக்கொள்வேன். முடிந்ததும் திரும்பி, "சாப்பிடறீங்களா" என்பாள், அது மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரி. இந்த ஹாலும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாரும் மேடையைப் பார்த்துப் பேசுகிறார்கள், எனக்குக் கிடைப்பது முதுகுகள். என்னைப் பற்றி ஐந்து வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு யார் யாரோ பேசியிருக்கிறார்கள், டில்லியில், மாடி அறைகளில். இன்றைக்குத்தான் பேசுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பயம் இருக்க வேண்டும், இருக்கிறது, ஆனால் அதைவிட இந்த வேடிக்கைதான் பெரிதாக இருக்கிறது: எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்.

தூக்கமில்லை, அதனால் கண் எல்லாவற்றையும் கூர்மையாகப் பார்க்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு டியூட்டி முடித்து, யூனிபார்ம் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, வாலாஜா ரோட்டில் ரயிலேறினேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடுகிற ரசாயனம் வைக்கிற கிடங்கு, அதற்கு நான் ராத்திரி காவல். காது கேட்காதவனை யார் காவலுக்கு வைப்பார்கள். அதனால் அங்கே எனக்குக் காது கேட்கும். போன வாரம் விடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் தணிகாசலம் பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினேன். "இன்னாய்யா, தூங்குறியா?" சட்டென்று சொன்னேன், "ஆமா சார், கண்ணு அசந்துட்டுது." தூங்காத மனுஷன் தூங்கினேன் என்று ஒத்துக்கொண்டு ஒருநாள் சம்பளத்தை விட்டேன். தூங்குகிற காவல்காரனுக்கு மன்னிப்பு உண்டு, செவிட்டுக் காவல்காரனுக்குக் கிடையாது. அங்கே காது இருக்கிறது என்று நடிக்கிறேன், இங்கே இல்லை என்று நிரூபிக்க வந்திருக்கிறேன். இங்கே ஜெயித்தால் அது தீர்ப்பில் பெயரோடு அச்சாகும், தணிகாசலம் என்றைக்காவது படிப்பார். தோற்றால் மாதம் பிறந்ததும் அதே ஸ்டூல், அதே நடிப்பு, இன்னும் எத்தனை நாளைக்கு. வக்கீல் நூர்ஜகான் மேடத்திடம் இதைச் சொன்னேன். ஆம்பூர்க்காரம்மா, என் மகள் வயசுக்குக் கொஞ்சம் மேலே. நின்று, முகத்தை எனக்கு நேராக வைத்துச் சொன்னார், "ரெண்டுல எது உண்மையோ அந்தப் பக்கம் நில்லுங்க சார். அதான் சுலபம். இன்னொண்ணு, உள்ள நீங்க எதுவும் பேச வேணாம். ஏதாச்சும் கேட்டா என்னைப் பாருங்க. எது கேட்டாலும் எஸ் சார்னு தலையாட்டிடாதீங்க." அந்தக் கடைசி வார்த்தை ஏன் சொன்னார். என் வழக்குக் கட்டின் முப்பத்தோராம் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சொன்னாரா. நான் அவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

முப்பத்தோராம் பக்கம் பிறகு. முதலில் டில்லி. பணி முடிந்து வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எழுதியது: காது, இருபது சதவீதம், ஆயுள் முழுக்க. இருபது என்பது வாசற்படி, அதற்குக் கீழே இருந்தால் ஊனப் பென்ஷன் கதவையே தட்ட முடியாது, நான் படியில் சரியாக நின்றேன். ஆனால் அதே தாளில் கீழே இன்னொரு வரி: இது ராணுவப் பணியால் வந்ததுமல்ல, பணியால் மோசமானதுமல்ல. படி ஏறினவனைக் கதவு மூடி நிறுத்துகிற வரி. முதல் மேல்முறையீடு போட்டேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு கடிதம், நோய் அமைதிப் பகுதியில், அதாவது போர் இல்லாத இடத்தில், தோன்றியது, பணியோடு தொடர்பில்லை. இரண்டாவது மேல்முறையீடு, அதற்கும் அதே வரி. எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது, இதைச் சொன்னால் குணசுந்தரி நம்ப மாட்டாள். எப்படி உட்கார்ந்திருப்பார்கள், வட்ட மேஜையா நீள மேஜையா, என் பெயரை யார் வாசித்திருப்பார், சரியாக உச்சரித்திருப்பாரா, ஏகாம்பரம் என்று டில்லியில் யாருக்கு வாய் வரும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினேன்: என் மனு பார்க்கப்பட்ட நாளில் மொத்தம் எத்தனை மனு பார்க்கப்பட்டது. நாற்பத்தேழு என்று பதில் வந்தது. கிடங்கு ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டு. ஏழெட்டு நிமிஷம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஏழெட்டில் டீ வந்ததா இல்லையா என்பது தெரியவில்லை, அதையும் கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். அப்படித் தேடித்தான் பழைய விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று கைக்கு வந்தது. பத்தாங்கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு அகராதி புரட்டிப் புரட்டி அதில் ஒரு வாக்கியத்தைப் பிடித்தேன். நிரூபிக்கச் சொல்லி மனுதாரரை வற்புறுத்தக்கூடாது, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. அதைப் படித்த அன்று எழுந்து கிடங்கை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். சந்தேகத்தால் எனக்குத் தெரிந்து யாருக்கும் பலன் கிடைத்ததில்லை. குடும்பம் கெட்டிருக்கிறது, வேலை போயிருக்கிறது. சந்தேகம் ஒரு மனுஷனுக்குச் சாதகமாகப் போகிற இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது, அது அந்தப் புத்தகத்தில் இருந்தது.

யாரோ முழங்கையால் இடிக்கிறார்கள். பக்கத்தில் முனிரத்தினம், போளூர்ப் பக்கம், ரிட்டையர்ட் அவில்தார், பத்தொன்பதாம் நம்பர். காலையில் கேட் வாசலில் பழக்கமானவர். இவ்வளவு நேரமாக என் இடது காதில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார் போல. திரும்பி முகத்தைப் பார்க்கிறேன். "இன்னாப்பா, தியானமா? எத்தினி தபா கேக்கறது. டீ குடிக்க விடுவாங்களா நடுவுல?" எனக்குக் காது அவ்வளவாகக் கேட்காது என்கிறேன். இதைச் சொல்ல இந்த ஹாலில் மட்டும்தான் வெட்கமில்லை. "அதான் கேசா உனுக்கு? நல்ல கேசு. நமக்கு முட்டி. பனியில வுழுந்தது. பாஞ்சு பர்சென்ட்டுன்னு போட்டான் டாக்டரு. இருவது இருந்தாத்தான் காசாம். இன்னும் ஒரு அஞ்சு பர்சென்ட் நல்லா வுழுந்திருக்கணும், அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா வுழுந்திருப்பேன்." அவர் சிரிக்கிறார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், பெயர் கூப்பிடுகிற டவாலி திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார். அந்த நேரத்தில்தான் பதினெட்டாம் நம்பர் முடிகிறது, பக்கம் திரும்பிய வழக்கு, நான் இரண்டாவது அடையாளத்தைப் பிடிக்கிறேன். அரசு வக்கீல், வழுக்கை, மெதுவான ஆள், காலையிலிருந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தவர், நீதிபதி சொல்லி முடித்ததும் எழுந்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். நீதிபதி நிமிராமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். அவர் உட்கார்ந்துவிடுகிறார். நூர்ஜகான் மேடம் ஜூனியரிடம் இருந்து ஃபைல் வாங்க வந்தபோது சாடையில் கேட்டேன். குனிந்து சொன்னார், "மேல கோர்ட்டுக்குப் போக அனுமதி கேக்கறாரு. தோத்தா கேக்கணும், அது வழக்கம். கிடைக்காதுன்னு அவருக்கும் தெரியும்." காலையில் பத்தாம் நம்பரிலும் எழுந்தார், இப்போது ஞாபகம் வருகிறது. பன்னிரண்டில் எழவில்லை. சரியாகிவிட்டது. பக்கம் திரும்ப வேண்டும், பிறகு வழுக்கைத் தலை எழ வேண்டும். இரண்டும் நடந்தால் ஆள் பிழைத்தான்.

அப்போது மேடையில் உட்கார்ந்திருக்கிற இருவரில் யார் முடிவு செய்கிறார். வலப்பக்கம் நீதிபதி, கறுப்புக் கோட்டுக்காரர், சொல்லுகிறவர் அவர்தான். இடப்பக்கம் ரிட்டையர்ட் ஜெனரல், வடக்கத்தி முகம், வெள்ளை மீசை, அவர் அதிகம் பேசுவதில்லை. சட்டம் தெரிந்தவர் ஒருத்தர், பட்டாளம் தெரிந்தவர் ஒருத்தர், அதுதான் ஏற்பாடு. ஜெனரல் எந்தப் பிரிவில் இருந்தவர், காலாட்படையா, சப்ளையா, டாங்கியா, காலையிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது. டையில் கோடு தெரிகிறது, பிரிவைச் சொல்கிற நிறம் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். வக்கீல் ஏதோ சொல்லி ஹாலே சிரித்தது, ஜெனரலும் சிரித்தார், ஆனால் எல்லாரும் சிரித்து ஒரு மூச்சு கழித்து. அது எனக்குத் தெரியும். அந்த ஒரு மூச்சு எனக்கு நன்றாகத் தெரியும். சுற்றியிருக்கிற முகங்களைப் பார்த்துவிட்டு, சரி இது சிரிக்க வேண்டிய இடம் என்று முடிவு செய்துகொள்கிற நேரம் அது. அதிலிருந்து அவரையே பார்க்கிறேன். அரசு வக்கீல் பேசும்போது கன்னத்தில் கை வைக்கிற மாதிரி வலது காதுக்குப் பின்னால் விரலைக் குவித்துக்கொள்கிறார். இல்லாமலும் இருக்கலாம். வயசானவர், கன்னத்தில் கை வைத்திருக்கலாம். நான் எங்கே பார்த்தாலும் என் காதையே பார்க்கிறேன்.

என் காது போனது பதினோரு நாளில். வடக்கே ஒரு மலைச் சரிவில் எங்கள் பீரங்கி, ஆறு பேர், ஆளுக்கொரு நம்பர். ஒன்றாம் நம்பர் தலைவர், உத்தரவு கொடுப்பவர். நான் நாலாம் நம்பர், குண்டைத் தூக்கிக் குழலுக்குள் வைக்கிறவன். சுடும்போது எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளலாம், வாயை மட்டும் திறந்து வைக்க வேண்டும், வாய் மூடியிருந்தால் சவ்வு கிழிந்துவிடும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். நாலாம் நம்பருக்குக் கை இரண்டிலும் அடுத்த குண்டு இருக்கும். எதை வைத்துப் பொத்துவது. காதில் அடைக்க ரப்பர் கொடுத்தார்கள், அடைத்தால் ஒன்றாம் நம்பரின் உத்தரவு கேட்காது, அதனால் அவர் நிற்கிற பக்கத்து ரப்பரை, இடது பக்கத்தை, எடுத்துவிட்டேன். நாலாம் நம்பர்கள் எல்லாருமே எடுத்துவிடுவார்கள். பதினோராம் நாள் சாயங்காலம் மலையில் சத்தமே இல்லை, போர் நின்றுவிட்டது என்று நினைத்தேன். போர் நிற்கவில்லை. இன்னாசிமுத்து, தூத்துக்குடிக்காரன், ஐந்தாம் நம்பர், என் முன்னால் வந்து நின்று வாயை வாயை அசைத்தான், மீன் மாதிரி, நான் சிரித்தேன். பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. மருந்துக் கூடாரம் இருநூறு அடியில் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் எங்களுக்குள் ஒரு முறை, எழுதாத முறை, ஆறு பேரில் ஒருத்தன் படுத்தால் லீவுக்கு அடுத்து நிற்கிறவனின் லீவு நின்றுவிடும். அடுத்து நின்றது இன்னாசி, அவன் பெண்டாட்டிக்கு அது தலைப்பிரசவம். அவன் கேட்கவே இல்லை, அதுதான் விஷயம், அவன் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஒரு பலகையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டினான், நீ போய்க் காட்டுல, நான் பாத்துக்கிடுதேன் என்று. நான் பலகையைக் கையால் அழித்துவிட்டேன்.

அவன் போய் வந்தான், பெண் குழந்தை. அதற்குப் பிறகு வேறு யாருக்கோ லீவு. மாதம் போயிற்று. வருஷப் பரிசோதனை வந்தது, டாக்டர் முதுகுக்குப் பின்னால் இருபதடி தள்ளி நின்று மெல்லிய குரலில் எண் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வரிசையில் இன்னாசி, தேர்வு முடிந்தவன், சட்டைப் பொத்தானைப் போடுகிற சாக்கில் வயிற்றோரமாக விரலைக் காட்டினான். மூன்று. ஏழு. இரண்டு. நான் சொன்னேன். காது முதல் தரம் என்று எழுதினார்கள். நல்ல கூட்டாளி செய்கிற வேலை அது, எந்தப் படைப்பிரிவிலும் செய்வார்கள். அந்த விரல்களைத்தான் இன்றைக்கு அரசு வக்கீல் எனக்கு எதிராக எடுத்து நீட்டப் போகிறார், மலையில் இருந்தவரைக்கும் காது முதல் தரம், பாருங்கள் ஐயா என்று. கீழே சமவெளிக்கு வந்து, யார் லீவும் கெடாது என்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோய் தோன்றிய இடம்: அமைதிப் பகுதி. எழுதினவர் பொய் எழுதவில்லை. அவர் கண்ணுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. நூர்ஜகான் மேடம் கேட்டார், "அந்த இன்னாசிமுத்து இருக்காரா? ஒரு சாட்சிப் பத்திரம் குடுத்தா போதும் சார்." எங்கே இருக்கிறானோ என்றேன். இருக்கிறான். தூத்துக்குடியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாட்ஸப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறான், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கேட்காது என்று தெரிந்தும் ஏன் எழுதாமல் பேசி அனுப்புகிறான். எனக்குக் கேட்கக்கூடாத எதையோ பேசுகிறானா. நான் கட்டைவிரல் படம் அனுப்பிவிடுகிறேன். அவன் லீவுக்காக என் காது போனது என்று அவனையே கையெழுத்துப் போடச் சொல்வதா. அந்தப் பெண் குழந்தை இப்போது காலேஜ் சேர்ந்திருக்கும்.

அந்த அம்மாவின் பேனா ஓடுகிறது. யார் நம்பர். பக்கத்து இடம் காலி, முனிரத்தினம் முன்னால் போய் நிற்கிறார், முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகவே மடக்கிக்கொண்டு. பேனா நிற்கிறது. பாதிப் பக்கம். வழுக்கைத் தலை எழவில்லை, அடுத்த ஃபைலை இழுக்கிறது. முனிரத்தினத்தின் வக்கீல் அவர் தோளைத் தட்டிவிட்டு வேறு ஹாலுக்கு ஓடுகிறார். முனிரத்தினம் நொண்டாமல் நடந்து வந்து என்னிடம் குனிகிறார். "எல்லாம் இங்கிலீஷ்ல பேசிட்டாங்கோ. இன்னா சொன்னாங்கோ, உனுக்குப் புரிஞ்சுதா?" நல்ல காது இரண்டும் உள்ளவர், செவிடனிடம் கேட்கிறார். எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல வாய் வருகிறது, வக்கீலைக் கேளுங்க என்று சொல்ல வருகிறது. டில்லியிலிருந்து அந்த இரண்டாவது கடிதம் வந்தபோது தபால்காரர் எட்டி நின்று உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது ஞாபகம் வருகிறது. "இல்லைன்னுட்டாங்கண்ணே," என்கிறேன். அவர் என் முகத்தையே பார்க்கிறார். "அஞ்சு பர்சென்ட்டு," என்கிறார். பிறகு உட்காருகிறார். போக வேண்டியவர், போகவில்லை. "உன்து பாத்துட்டுப் போறேன்."

இருபத்திமூன்று. டவாலியின் வாய் என் பெயரைச் செய்கிறது. நூர்ஜகான் மேடம் முன்னால் போகிறார், நான் அவருக்கு இடது பின்னால் நிற்கிறேன், மேடை முழுக்கத் தெரிகிற மாதிரி. அவர் கை அசைகிறது, பேசுகிறார். சேர்ந்தபோது காது நன்றாக இருந்தது, போரில் பீரங்கியில் இருந்தார், விதி இப்படிச் சொல்கிறது. எனக்கு அந்தத் தாள்கள் மனப்பாடம், அவர் கை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த வரிகள் எனக்குள் தானாக ஓடுகின்றன. பிறகு அரசு வக்கீல் உட்கார்ந்தபடியே கட்டைப் புரட்டுகிறார், நடுவுக்கு வருகிறார், நிறுத்துகிறார். கட்டில் இவ்வளவு கனம் புரண்டால் வருவது முப்பத்தோராம் பக்கம்தான். இதோ. வெளியே வருகிற சமயத்து மெடிக்கல் போர்டு, கேள்வித்தாள். அந்த டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார், ஒவ்வொன்றாக, பேனா நிற்கும்போதெல்லாம் பதில் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு நான் சொன்னேன், எஸ் சார். எஸ் சார். பதினேழு வருஷப் பழக்கம், தலை குனிந்த மேலதிகாரிக்கு வேறு என்ன பதில் இருக்கிறது. அந்த எஸ் சார்களில் ஒன்று இப்படி விழுந்திருக்கிறது: சிறு வயதில் காதில் சீழ் வடிந்ததுண்டா? உண்டு. என்ன கேட்டார் என்பதே எனக்குக் கேட்கவில்லை, அந்தக் கேட்காமையால் நான் பிறந்ததிலிருந்தே கேட்காதவன் ஆகிவிட்டேன். அஞ்சு வருஷம் கழித்து வழக்குக் கட்டில்தான் அதைப் படித்தேன். இதை யாரிடம் சொல்ல. புரியாமல் ஆமாம் போட்டேன் என்று சொல்ல ஒரு ஆம்பளைக்கு எப்படி வாய் வரும். குணசுந்தரிக்குக்கூடத் தெரியாது.

ஹால் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருக்கிறது, அரசு வக்கீல், டவாலி, சுருக்கெழுத்து அம்மா, அவர் பேனா காற்றில். யாரோ என்னை ஏதோ கேட்டிருக்கிறார்கள். ஜெனரல். அவர் குனிந்து முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மீசை மட்டும் தெரிகிறது, மீசை அசைந்து நின்றிருக்கிறது. என்ன கேட்டார். சீழ் வந்ததா என்று கேட்டாரா, பொய் சொன்னாயா என்று கேட்டாரா, ஊர் எது என்று கேட்டாரா. தலை குனிந்த மேலதிகாரி. நாக்கு தானாக எழுகிறது, எஸ் அங்கே பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, குதிகால்கள் சேர்ந்துவிட்டன. நூர்ஜகான் மேடம் திரும்புகிறார், அவர் வாயைப் பார்த்தால் போதும், அவர் சொல்லிக்கொள்வார், அதுதான் ஏற்பாடு. ரெண்டுல எது உண்மையோ. கிடங்கு ஸ்டூல். பலகையை அழித்த கை. பொத்தான் ஓரத்து விரல்கள். இந்த நாலெழுத்து வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை, டாக்டரிடம் இல்லை, தணிகாசலத்திடம் இல்லை, "சொன்னது கேட்டுச்சா" என்று கேட்கிற பெண்டாட்டியிடம்கூட கேட்டுச்சு என்றுதான்.

"கேட்கலை சார்," என்கிறேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை, டவாலி ஒரு அடி பின்னால் போகிறார். ஜெனரல் நிமிர்கிறார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் என் கை வலது காதுக்குப் போயிருக்கிறது, குவிந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. என்னைப் பார்க்கிறார். தாளைப் பார்க்கிறார், ஒரு வரியில் விரல் வைக்கிறார், மறுபடியும் என்னைப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை முழுசாக எனக்கு நேராகக் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லாக, மலையில் பேசின அந்த இந்தியில், கேட்கிறார். பீரங்கியில் எத்தனாம் நம்பர். அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். அதைத்தான் கேட்டிருக்கிறார். நான் வயிற்றோரமாகக் கையை வைத்து, பிறகு எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றி, மேலே தூக்கி நாலு விரலைக் காட்டுகிறேன். அவர் தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டுகிறார், உள்ளங்கை மேலே பார்க்க, எதையோ கனமாகத் தாங்குகிற மாதிரி, நீதிபதிக்குக் காட்டுகிறார். பிறகு அந்த இரண்டு கையையும் பார்க்கிறார், காதைப் பொத்தக் கை ஏது என்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். அவ்வளவுதான் பேச்சு. நீதிபதி முப்பத்தோராம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார். எந்தப் பிரிவு என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

நீதிபதியின் வாய் அசைய ஆரம்பிக்கிறது. பேனா ஓடுகிறது. நூர்ஜகான் மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் தெரிந்துவிடும், எனக்கு அது இங்கிருந்தே தெரிய வேண்டும். மூன்று வரி. ஆறு வரி. பாதிப் பக்கம். முனிரத்தினத்துக்கு நின்ற இடம் இதுதான், இதைத் தாண்டுகிறது. இன்னாசி, நீ என்னதான் பேசி அனுப்புகிறாய், இன்றைக்குச் சாயங்காலம் மகளிடம் அதைப் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்கிறேன், எல்லாவற்றையும், முதலிலிருந்து. முக்கால் பக்கம். நீதிபதி நிறுத்துகிறார், தண்ணீர் குடிக்கிறார், பேனா நிற்கிறது, கீ என்கிற அந்தச் சத்தம் ஹால் முழுக்க நிறைகிறது. டம்ளரை வைக்கிறார். அந்த அம்மா கட்டைவிரலை நாக்கில் தொடுகிறார். பக்கம் திரும்புகிறது. போதாது, இது மட்டும் போதாது, பன்னிரண்டாம் நம்பருக்கும் திரும்பியது, சந்தேகம் இருக்கிறது, இருக்கட்டும், அதன் பலன் எனக்கே. இரண்டாவது பக்கத்தில் நாலு வரி, ஐந்து வரி, பேனா மூடியை மாட்டுகிறார். நான் அரசு வக்கீலைப் பார்க்கிறேன். வழுக்கைத் தலை அசையவில்லை. ஃபைலைக் கட்டுகிறார். நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, மேஜையில் கையூன்றி, மெதுவாக, மிக மெதுவாக எழுந்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம். நீதிபதி நிமிராமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். என் தோளில் முனிரத்தினத்தின் கை விழுகிறது, அவர் ஏதோ கேட்கிறார், இடது பக்கம். திரும்பிப் பதில் சொல்லப் பார்க்கிறேன், அப்போதுதான் தெரிகிறது, இவ்வளவு நேரமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன், முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி.